வேறு கெர்னலுக்கு வந்த மரம்

இளஞ்செழியன் கணினி வேலைக்கு வந்ததற்கு, அதில் வாய் திறக்க வேண்டியது குறைவு என்பதும் ஒரு காரணம். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பேச்சு திக்கும். எந்தச் சொல்லிலும் மாட்டலாம்; உயிரெழுத்தில் தொடங்கும் சொல் என்றால் சில நேரம் தொண்டையிலேயே நின்றுவிடும். அப்பா ஆசையாய் வைத்த பெயரே அப்படித் தொடங்கியது அவனுடைய நேரம். முப்பத்தைந்து வயதுக்குள் பல உபாயங்களைப் பழகிவிட்டான். கடையில் பொருளை விரலால் காட்டுவான். பஸ்ஸில் இறங்கும் ஊர் வாயில் வராவிட்டால் "கடைசி ஸ்டாப்" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு நடுவில் இறங்கிவிடுவான்.

திருத்துறைப்பூண்டியில் வீட்டு மாடியறைதான் அவன் ஆபீஸ். தொழிற்சாலைகளுக்குத் தொடுதிரை செய்யும் ஒரு கம்பெனிக்கு அவன் வேலை செய்தான். கணினியின் ஆக அடியில் ஓடிக்கொண்டு திரை, நினைவகம் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அந்தத் திரைகளில் ஓடியது பலரும் பயன்படுத்தும் லினக்ஸ் என்ற கெர்னல் அல்ல, எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய இன்னொரு சின்னக் கெர்னல். ஆனால் திரையை நன்றாக இயக்கும் டிரைவர் என்ற நிரல் லினக்ஸுக்காக மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அதை இந்தக் கெர்னலுக்குள் கொண்டுவருவது அவன் பொறுப்பு.

எல்லாம் நகர்ந்து வந்தது, மரம் ஒன்றைத் தவிர. நினைவகத்தின் துண்டுகளை வரிசை கலையாமல் வைத்து, கேட்டதும் எடுத்துக்கொடுக்க அந்த டிரைவர் மரம் என்று பெயர்கொண்ட, கிளைகிளையாய்ப் பிரியும் ஓர் அமைப்பை நம்பியிருந்தது. ஒரு பக்கம் கிளை நீண்டுபோனால் தானே திரும்பிச் சமன் செய்துகொள்ளும் மரம். இரண்டு கெர்னல்களிலும் அது உண்டு. பழகும் விதம்தான் வேறு. லினக்ஸில் டிரைவரே உச்சியிலிருந்து இறங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, புதிய துண்டு உட்காரும் கணுவுக்கான இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டவைக்கும். பிறகுதான் மரத்திடம் "சமன் செய்துகொள்" என்று சொல்லும். இந்தக் கெர்னலிலோ ஒப்பிடும் விதியைக் கொடுத்துவிட்டால் போதும், இடத்தை மரமே தேடிக்கொள்ளும்.

இளஞ்செழியன் டிரைவரைத் திருத்தினான். மரம் வரும் இடங்களையெல்லாம் இந்தக் கெர்னலின் வழக்கத்துக்கு மாற்றி எழுதி, அதை வளர்ப்பவர்களின் பொதுப் பார்வைக்கு அனுப்பினான். அதைச் சரிபார்க்க வந்தவள் பூர்ணிமா என்று ஒருத்தி. அந்தக் கெர்னலில் மரத்தைப் பராமரிப்பவள் அவள்தான். பெங்களூரிலோ கனடாவிலோ இருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: டிரைவரைத் தொடாதீர்கள். லினக்ஸ்காரர்கள் அதை மாற்றும்போதெல்லாம் நீங்கள் மறுபடி உட்கார்ந்து திருத்த வேண்டிவரும். நம் மரத்துக்குள் இருக்கும் சமன் செய்யும் பகுதியை மட்டும் வெளியிலிருந்தும் பயன்படுத்தும்படி திறந்துவிடுவோம். டிரைவர் தன் வழக்கப்படியே இடம் தேடிக்கொண்டு வரட்டும்.

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பதைத் திறந்துவிட்டால், நாளைக்கு உள்ளே யாராவது எதையாவது மாற்றும்போது டிரைவர் சத்தமில்லாமல் உடையும் என்று எழுதினான். எழுத்தில் அவனுக்குத் தயக்கமே கிடையாது. பத்தி பத்தியாக வாதாடினான். அவளும் விடவில்லை. ஆடி முழுக்க இது ஓடியது. சொல்லப்போனால், காலையில் எழுந்ததும் அவள் பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் அவள் எழுதினாள்: "நேற்று பதில் போட முடியவில்லை. குத்தாலத்தில் நாள் முழுக்கக் கரண்ட் இல்லை."

இளஞ்செழியன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். குத்தாலம். மாயவரத்துக்குப் பக்கத்தில். முதல்முறையாகத் தமிழில் எழுதினான். "நான் திருத்துறைப்பூண்டி."

"அடப்பாவமே, இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டா சண்டை போடுறோம்? நம்பர் குடுங்க, பேசியே முடிச்சிடலாம்" என்று உடனே பதில் வந்தது.

போன்தான் இருப்பதிலேயே கொடுமை. சொல் வராமல் அவன் தவிக்கும்போது மறுமுனைக்காரர்கள் "ஹலோ, ஹலோ, கேக்கல" என்று வைத்துவிடுவார்கள். சிக்னல் சரியில்லை என்று ஒரு வாரம் சமாளித்தான். அடுத்த வாரம் அவள் மறுபடி கேட்டபோது பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "எனக்குப் பேச்சு திக்கும். போன்ல ரொம்ப மோசம்" என்று தட்டி, அனுப்பிவிட்டு, லேப்டாப்பை மூடிவைத்துக் கீழே இறங்கிப் போய்விட்டான்.

திரும்பி வந்து பார்த்தபோது பதில் காத்திருந்தது. "அப்ப நேர்ல வாங்க. சோதனை பண்ற மெஷினும் இங்கதான் இருக்கு. நேரம் எடுத்துக்கிட்டுப் பேசலாம்."

திருவாரூரில் ஒரு பஸ், மாயவரத்தில் ஒரு பஸ் மாறிக் குத்தாலம் போய்ச் சேர்ந்தான். வழியெல்லாம் சம்பா நடவு. வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் நின்றவர் அவளுடைய அப்பா செல்லத்துரை. காலில் சேறு காயாமல், வயலிலிருந்து அப்போதுதான் வந்தவர்போல இருந்தார்.

"வாங்க தம்பி. பேரு?"

இளஞ்செழியன் வாயைத் திறந்தான். 'இ'க்கு மேல் வரவில்லை. தாடை இறுகியது, கண் இமை துடித்தது. செல்லத்துரைக்குச் சங்கடமாகிவிட்டது. உதவுகிறோம் என்று நினைத்து, "இளங்கோவா? இளமாறனா?" என்றார்.

உள்ளேயிருந்து வந்த பூர்ணிமா வாசற்படியிலேயே நின்றாள். நெற்றியோரம் நரை எட்டிப்பார்த்தது. அவன் கற்பனை செய்து வைத்திருந்ததைவிடக் குள்ளம். "அப்பா, அவரு சொல்லுவாரு" என்றாள் மெதுவாக. அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. தலையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, பரிதாபமாய்ப் பார்க்கவும் இல்லை. சாதாரணமாக நின்றாள்.

"இ... இ... இளஞ்செழியன்."

"நல்ல பேரு" என்றார் செல்லத்துரை. "உக்காருங்க, மோர் கொண்டாரேன்."

அவள் அறையில் இரண்டு மேசைகள், பிரித்துப்போட்ட ஒரு கணினி, சுவரில் வெள்ளைப் பலகை. அவன் முதலில் மார்க்கரை எடுத்து எழுதத்தான் செய்தான். ஆனால் அவள் தன் வழியை விளக்க ஆரம்பித்ததும் அவனுக்கு மறுப்பு பொங்கிக்கொண்டு வந்தது. எழுதிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை.

"அப்படித் தி... திறந்து விட்டா, அப்பறம் யாரு பொ... பொறுப்பு?"

"நான்தான்."

"நீங்க வி... விட்டுட்டுப் போயிட்டா?"

அவள் சிரித்தாள். "எங்க போவேன்? கல்யாணம் பண்ணிப் பெங்களூர் போயி, அது சரிப்படாம திரும்பி வந்தவ. இனிமே இந்த மரத்தை விட்டு எங்கயும் போறதா இல்ல."

பொழுது போனதே தெரியவில்லை. அவன் திக்கினான், நின்றான், மறுபடி தொடங்கினான். ஒரு தடவைகூட அவள் அவன் சொல்லை எடுத்து முடிக்கவில்லை. அடுத்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரிந்த இடங்களிலும் பேசாமல் இருந்தாள். எந்தச் சொல்லைத் தவிர்க்கலாம், எதை மாற்றிச் சொல்லலாம் என்று மனசுக்குள் தேடும் வேலையை எப்போது விட்டோம் என்று அவனுக்கே நினைவில்லை.

மத்தியானம் அவள் தன் வழியில் எழுதி வைத்திருந்த மாதிரியை ஓடவிட்டாள். திரை வந்தது. திரையில் ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டு அப்படியே உறைந்து போயிற்று. இன்னொரு தடவை ஓடவிட்டார்கள். இம்முறை முன்னதாகவே உறைந்தது.

"ஒரு வாரமா இதான் கதை" என்றாள் அவள். "சொல்லாம வச்சிருந்தேன். சொன்னா நீங்க ஜெயிச்சிடுவீங்க."

இளஞ்செழியன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் எழுதியதை வரி வரியாகப் படித்தான். இந்த வகை மரத்தில் ஒவ்வொரு கணுவுக்கும் சிவப்பு அல்லது கறுப்பு என்று ஒரு நிறக்குறி உண்டு. அதை வைத்துத்தான் மரம் சமன் பார்க்கும். இடத்தை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு கணுவும் குறித்து வைத்திருக்கும் தாய்க்கணுவின் முகவரியின் கடைசி இலக்கத்திலேயே அந்த நிறக்குறியை, கறுப்புக்குச் சைபர், சிவப்புக்கு ஒன்று என்று, ஒளித்து வைத்திருந்தார்கள்.

அவன் ஒரு வரியில் விரலை வைத்தான். "நீங்க மு... முகவரியை அப்படியே படிக்கிறீங்க. நி... நிறத்தைக் கழிக்கல. கறுப்புன்னா சரியா வரும். சிவப்புன்னா..."

அவன் முடிப்பதற்குக் காத்திருந்தாள்.

"...பக்கத்து வீட்டுக் க... கதவைத் தட்டுது."

பூர்ணிமா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நிறத்தை முகவரியில ஒளிச்சு வச்சதே நான்தான். போன வருஷம். இந்த வரி அதுக்கு முன்னாடி எழுதுனது, அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்."

"உள்ள யாராவது மாத்துனா உ... உடையும்னு நான் எழுதுனேன்."

"எழுதுனீங்க. பத்துத் தடவை எழுதுனீங்க."

அதற்குமேல் சண்டை இல்லை. அவள் சொன்னபடி டிரைவரைத் தொடாமல் விட்டார்கள். சமன் செய்யும் பகுதியையும் திறந்தார்கள். ஆனால் அவன் கேட்டபடி, மரத்தின் உள்ளே எதைப் படிப்பதானாலும் ஒரே ஒரு வாசல் வழியாகத்தான் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். நாளைக்கு யார் உள்ளே எதை மாற்றினாலும் அந்த வாசலைத் திருத்தினால் போதும். அவன் தட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஓடவிட்டார்கள். ஜன்னல்கள் திறந்தன, மூடின, திறந்தன. அவர்கள் சாப்பிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் கேட்டாள். "போனுக்குப் பயந்தவரு இவ்வளவு தூரம் எப்படி வந்தீங்க?"

"நீங்க நே... நேரம் எடுத்துக்கலாம்னு சொன்னீங்க. அப்படி யாரும் சொ... சொன்னதில்ல."

மாயவரம் பஸ் வந்து நின்றபோது, அவன் பையின் தோள்வார் முறுக்கிக்கொண்டிருந்ததை அவள் நிமிர்த்திவிட்டாள்.

மரம் இரண்டு பேர் பெயரிலும் கெர்னலுக்குள் சேர்ந்தது. ஆனாலும் அவன் குத்தாலம் போவது நிற்கவில்லை. ஐப்பசி மழையில் ஒருமுறை, கார்த்திகையில் இருமுறை, மார்கழியில் வாராவாரம். பொங்கலுக்கு முந்தின வாரம் போனபோது பூர்ணிமா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். செல்லத்துரை களத்தில் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு ஒண்ணு வெளங்கல" என்றார். "ஏதோ மரம் மரம்னு சொல்லிக்கிட்டு வந்தீங்க. அது இன்னுமா சரியாவல?"

இளஞ்செழியன் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"மரம் அப்பவே மு... முடிஞ்சிடுச்சுங்க. நான் பூ... பூ..."

செல்லத்துரை சாக்கைக் கீழே வைத்தார். அவர் எதையும் ஊகிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"...பூர்ணிமாவைப் பாக்கத்தான் வர்றேன்."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் அவர். சாக்கின் ஒரு முனையை அவனிடம் நீட்டினார். "இதைச் சேத்துப் புடிங்க, வெயில் எறங்குறதுக்குள்ள மடிச்சு வச்சிடலாம்."