தரகர் சொன்ன வயசு

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு. தவக்காலம் முழுக்கக் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாமல் வாய் ஊறிக் கிடந்த தரகர் சூசைராஜ், அன்றைக்கு ஆல்பினையும் அவன் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து பூண்டிப் பக்கம் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். வழி நெடுக உபதேசம்தான்.

"வயசைக் கேட்டா முப்பத்தொண்ணு. புரியுதா? உளறிக் கொட்டிடாதே. முப்பத்தொண்ணு."

ஆல்பினுக்கு முப்பத்தேழு. இதிலே வேடிக்கை என்னவென்றால், அவன் ஏசி மெக்கானிக். எந்த ஓட்டை ஏசியைக் கொண்டுவந்து வைத்தாலும் திறந்து பார்த்து அதன் வயசைச் சொல்லிவிடுவான். தஞ்சாவூரில் பழைய ஏசி வாங்குகிறவர்கள் பாதிப் பேர் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அவன் "கிழடு" என்றால் கிழடுதான், அப்பீலே கிடையாது. அப்பேர்ப்பட்டவன் தன் வயசில் ஆறைக் குறைத்துச் சொல்லப் புறப்பட்டுவிட்டான், போங்கள்!

அவனை மட்டும் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை. கத்தாரில் கொஞ்ச வருஷம், திரும்பி வந்து கடை வைத்து ஊன்றக் கொஞ்ச வருஷம். தலை நிமிர்ந்து பார்த்தால் கூடப் படித்தவன் பிள்ளைகள் பத்து வயசாகிக் கோயிலில் புதுநன்மை வாங்கிக்கொண்டிருந்தன. உண்மை வயசைச் சொல்லிப் பார்த்த வீடுகளில் காபி கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. இந்த இடமாவது அமைய வேண்டும் என்று அம்மா பூண்டி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். அவனுக்கும் அந்த ஆசை இல்லாமலா? போட்டோவில் அந்தப் பெண் சிரிக்கப் போகிறவள் போல இருந்தாள். அந்தச் சிரிப்பு முழுசாக எப்படி இருக்கும் என்று ஒரு வாரமாக அவனுக்கு அதே நினைப்பு.

"கோயில்ல கல்யாண ஓலை எழுதறப்ப ஞானஸ்நானப் பத்திரம் கேப்பாங்களேண்ணே? அதுல பொறந்த தேதி இருக்குமே?" என்றான்.

"அதுக்குள்ள பூ வச்சு, மண்டபம் பேசி, ஊரெல்லாம் சொல்லி முடிச்சிருப்போம். அப்புறம் எவன் தேதியைப் பாக்குறான்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? உன்னை நான் ஆயிரமா சொல்லச் சொல்றேன்? ஒண்ணே ஒண்ணு!"

பெண்ணின் அப்பா சவரியப்பன் நெல் அறுப்பு மிஷின் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. "வாங்க வாங்க" என்றதிலேயே வாசல் தென்னையிலிருந்த காக்கை பறந்துவிட்டது. அவர் சம்சாரம் பாத்திமா மேரி கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். பின்னாலேயே காபித் தட்டோடு ஃபிளோரா வந்தாள். விதைப் பரிசோதனை ஆபீசில் வேலை, வயசு இருபத்தெட்டு என்று தரகர் முன்னமே சொல்லியிருந்தார். ஆல்பினைப் பார்த்து அவள் சிரிக்கவே சிரித்தாள். போட்டோவில் வராத பாக்கி அத்தனையும் அதில் இருந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, புழுக்கத்தைத் தவிர. நெல் காயப்போடலாம் போல அவ்வளவு பெரிய ஹால். சுவரில் ஒரு ஏசி. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, இங்கே அம்மாவின் பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிப் போயிற்று. சவரியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி திரும்பினார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க தொழில்தானே, இந்தச் சனியன் ஏன் குளிர மாட்டேங்குதுன்னு ஒரு பார்வை பாத்துடுங்களேன். பழசுதான் வாங்கினேன். ஏழு வயசுதான் ஆச்சு, ஒன்றரை டன்னுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அது மட்டும் பொய்யா இருக்கட்டும்! வயசை மறைச்சு என் தலையில கட்டினவன் எவனா இருந்தாலும் இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."

"யாரு குடுத்தாங்க?" என்று ஆல்பினின் அம்மா சும்மா இருக்க முடியாமல் கேட்டாள்.

"நம்ம சூசைதான் பிடிச்சுக் குடுத்தான்."

சூசைராஜுக்குக் கேசரி புரையேறிவிட்டது. பாத்திமா மேரி ஓடிவந்து தலையில் தட்டினாள்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆல்பின் கொல்லைப்பக்கம் போனான். உர மூட்டைகளுக்குப் பக்கத்தில், சுவரோரமாக ஏசியின் வெளிப்பெட்டி நின்றது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. அதுதான் அவனுக்கு முதல் சந்தேகம். வெயிலிலும் மழையிலும் நிற்கிற பெட்டிக்கு இந்த வயசில் என்ன பவுடர் பூச்சு? அவன் மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தபோது தோளுக்குப் பின்னால் மூச்சிரைத்தது.

"ஆல்பினு, பாத்துச் சொல்லுப்பா" என்றார் தரகர், மெல்லிய குரலில்.

"பாக்கத்தானேண்ணே போறேன்."

"அந்தப் பாக்கறது இல்லடா. ஏழுன்னா ஏழுன்னு சொல்லிட்டு வந்துடு. தூசி அடைச்சிருக்கு, தண்ணி ஊத்திக் கழுவினா சரியாயிடும்னு சொல்லு. நீ அதோட வயசைச் சொன்னேன்னு வையி, அந்தாளு என் சட்டையைப் பிடிப்பாரு. வேற எதுல எத்தனை குறைச்சேன்னு கேப்பாரு. அப்புறம் நான் உன் வயசைச் சொல்லவேண்டி வரும். எனக்கு ஒரு இடம் போனா போகுது. உனக்கு? யோசிச்சுக்க."

பின்வாசல் கதவு கிறீச்சிட்டது. ஃபிளோரா டார்ச்சோடு வந்தாள். தரகர் உர மூட்டையின் எழுத்தைப் படிக்கிறவர் போல அப்படியே நழுவிவிட்டார்.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. உள்ளே இருட்டா இருக்குமாமே" என்று சொல்லி அவளே வெளிச்சம் பிடித்தாள். "இதுல எப்படிங்க வயசு பாப்பீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவனுக்குப் பயம் கொஞ்சம் தெளிந்தது. "பக்கவாட்டுல ஒரு தகடு இருக்கும், அதுல எல்லாம் போட்டிருக்கும். இதுல பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க பாருங்க." நகத்தால் மெல்லச் சுரண்டினான். எழுத்து தலை காட்டியது. "மாடல் நம்பர்ல பதினெட்டுன்னு வந்தா ஒன்றரை டன். இதுல பன்னெண்டு. ஒரு டன்தான். கேஸும் பழைய காலத்துக் கேஸ். ஏழு வருஷத்துக்கு முந்தியே வீட்டு ஏசிக்கு இதைப் போடறதையே விட்டுட்டாங்க."

"அந்தத் தகட்டையே மாத்தி ஒட்டிட்டா?"

"மாத்துவாங்க. ஸ்டிக்கர் கூடப் புதுசா ஒட்டுவாங்க. ஆனா உள்ளே கம்ப்ரஸர்னு ஒண்ணு இருக்கு, அதுதான் இதுக்கு நெஞ்சு மாதிரி. அதோட உடம்புல ஒரு தேதி இருக்கும். அதுவரைக்கும் யாரும் கையை விட மாட்டாங்க, சோம்பேறித்தனம்தான்."

அவள் சிரித்தாள். "எங்க ஆபீசுலயும் இதே கூத்துதான். போன வருஷத்துப் பழைய விதையைப் புதுச் சாக்குல போட்டு, புது லேபிள் தைச்சுக் கொண்டாந்துடுவாங்க. நான் சண்டையே போடறதில்லை. ஈரத்துல முளைக்க வச்சுட்டு அடுத்த வேலையைப் பாப்பேன். லேபிள் பொய் சொல்லும், விதைக்குச் சொல்லத் தெரியாது."

ஆல்பினுக்குச் சுருக்கென்றது. அவள் யாரையும் குத்திச் சொல்லவில்லை, விதையைத்தான் சொன்னாள். ஆனாலும் தேள் கொட்டின திருடன் கத்தவா முடியும்? குனிந்து மூடியைக் கழற்றினான். டார்ச் வெளிச்சம் கம்ப்ரஸர் மேல் விழுந்தது. தேதி கல்வெட்டு மாதிரி இருந்தது. ரெண்டாயிரத்து ஏழு.

"என்ன, வயசு வந்துடுச்சா?"

ஏழு என்று ஒரு சொல் சொன்னால் போதும். தரகர் வாயைத் திறக்க மாட்டார், இந்தச் சிரிப்பும் இந்த வீடும் கைக்கு வந்துவிடும். இல்லையென்றால் காபியோடு சரி. ஆனால் இவளிடம் ஒரு பொய் லேபிளோடு வந்து நின்றால், ஓலை எழுதுகிற அன்றைக்கு இவள் முகம் எப்படிப் போகும்?

"உள்ளே வந்து சொல்றேங்க" என்று எழுந்தான்.

ஹாலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். தரகர் அவனைப் பார்த்துக் கண்ணால் கும்பிட்டார். ஆல்பின் கையில் இருந்த கரியைக்கூடத் துடைக்கவில்லை. நின்றபடியே ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

"ஐயா, இது ஒரு டன்தான். இதுக்குப் பதினெட்டு வயசு. எனக்கு முப்பத்தேழு."

"மாதாவே!" என்று அவன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சவரியப்பனுக்கு முகம் சிவந்தது. ஏசியைப் பார்த்தார், ஆல்பினைப் பார்த்தார், கடைசியில் தரகரிடம் வந்து நின்றார். "யோவ் சூசை! ஏசிக்குப் பதினொண்ணு, மாப்பிள்ளைக்கு ஆறா? நீ தரகு பண்றியா, தள்ளுபடி வியாபாரம் பண்றியாய்யா? எங்கிட்டயேவா? வயசை மறைச்சு ஒருத்தன் தலையில கட்டுறவன் மனுசனாய்யா?"

சூசைராஜ் இஞ்சி தின்ற குரங்காக விழித்தார். பிறகு அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அண்ணே, அப்ப உங்க வீட்டுக் கணக்கையும் சொல்லட்டுமா?"

சவரியப்பனின் குரல், அறுப்பு மிஷினில் டீசல் தீர்ந்த மாதிரி, அப்படியே அடங்கிப் போயிற்று. பாத்திமா மேரி காலி பஜ்ஜித் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஏசி இருந்த சுவரையே மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு முப்பத்துமூணு" என்றாள் ஃபிளோரா பின்வாசல் படியில் நின்றபடி. "இருபத்தெட்டுன்னு சொல்லச் சொன்னது எங்கப்பாதான். வேண்டாம்பா, வேண்டாம்பான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"பொம்பளைப் புள்ளையைப் பெத்தவன்..." என்று இழுத்தார் சவரியப்பன். ஆல்பினின் அம்மாதான் முதலில் சிரித்தாள். அவள் சிரிக்கவும் பாத்திமா மேரி சிரிக்க, சவரியப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சூசைராஜ் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

"சரி தம்பி" என்றார் சவரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தக் கிழத்தை என்ன பண்றது? காயலாங்கடையில போட்டுடவா?"

"வேண்டாங்க. நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. ஒரு டன்னைக் கொண்டாந்து இவ்வளவு பெரிய ஹால்ல மாட்டினா அது பாவம் என்ன பண்ணும்? சின்ன ரூமுக்கு மாத்தினா இன்னும் நாலஞ்சு வருஷம் ஜம்முன்னு ஓடும்."

"என் ரூம் சின்னதுதான்" என்றாள் ஃபிளோரா.

சவரியப்பன் மகளைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப எப்ப வந்து மாத்திக் குடுக்கறீங்க, மாப்பிள்ளை?" என்றார்.

தம்பி மாப்பிள்ளையானது ஆல்பினின் காதில் விழுந்தது. கரிக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் வரச் சொல்லுங்கப்பா" என்றாள் ஃபிளோரா. "வரும்போது ஞானஸ்நானப் பத்திரத்தையும் கையோட எடுத்துட்டு வரட்டும்."

"அது எதுக்குடி இப்பவே?" என்றாள் பாத்திமா மேரி.

"கம்ப்ரஸர்ல இருக்கற தேதியை நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்."