படுக்கும் முன் ஒரு ஸ்பூன்

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின் என்று நாள் முழுக்க ஊராரின் மருந்து உறைகளில் எழுதித் தள்ளுகிறவள் வீட்டிலும் அப்படித்தான். ஐந்து வயது மகள் குட்டிக்கு மிட்டாய் கிடையாது, பிஸ்கட் கிடையாது, ஜூஸ் கிடையாது. இத்தனை கெடுபிடிக்குப் பிறகும் நான்கு பற்கள் சொத்தை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பழி போட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பள்ளி விட்டதும் குட்டி போய் உட்காருவது கணவனின் அக்கா வேலை செய்யும் பேக்கரியில். வேறு சாட்சி எதற்கு?

"அண்ணி, உங்க செல்லத்துல என் புள்ள பல்லு போச்சு" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"என் கையால இனிப்பு ஒண்ணும் குடுத்ததில்ல" என்று அண்ணி ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுநாளிலிருந்து இவள் குட்டியைப் பேக்கரிக்கு அனுப்பவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. குட்டி இப்போது மருந்துக்கடை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அத்தைகிட்ட எப்பம்மா போவோம்?" என்று உயிரை வாங்குகிறாள்.

இன்று இரண்டாவது பல்லை அடைத்துவிட்டுப் பல் டாக்டர் கையுறையைக் கழற்றினார். "ராத்திரி பல்லு தேய்ச்சப்புறம் வாயில என்ன போகுது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். தண்ணிகூடக் கிடையாது."

"மருந்து" என்றாள் குட்டி.

மூச்சிளைப்புக்கான சிரப். இரண்டு வருடமாக, படுக்கும் முன் ஒரு ஸ்பூன். பல் தேய்த்து, போர்வை போர்த்தி, கடைசியாக அதைக் கொடுப்பாள். மருந்து கரைந்து போய்விடக் கூடாதென்று தண்ணீர் தர மாட்டாள்.

"அது சர்க்கரைப் பாகுல்ல? தூங்கும்போது எச்சில் குறைஞ்சிடும். விடிய விடிய பல்லுல ஒட்டிட்டே இருக்கும்" என்றார் டாக்டர். "மருந்த நிறுத்திடாதீங்க. முதல்ல மருந்து, அப்புறம் பல்லு தேய்ங்க. சர்க்கரை இல்லாத சிரப்பா மாத்தலாமான்னு எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட கேளுங்க."

சர்க்கரை இல்லாத சிரப்புக்கென்று அவள் கடையில் தனி அடுக்கே இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேரே பேக்கரிக்குப் போனாள். மாவுக் கையோடு நின்ற அண்ணியிடம் சுற்றி வளைக்காமல், "தப்பு என்னுது அண்ணி. நான் குடுத்த மருந்துதான்" என்றாள்.

"கேக் அலமாரி முன்னாடி நின்னு குட்டி அழுவா. நீ வேணாம்னு சொன்னியேன்னு மனசக் கல்லாக்கிட்டு நின்னேன். என்னப் போய் கேட்டுட்ட." அண்ணி மாவுக் கையைத் துணியில் துடைத்தாள். "கோபம் போகல. போக நாளாகும்."

"சரி அண்ணி."

குட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மேசைக்கு அடியில் புகுந்து, தன் பழைய இடத்திலிருந்து தனக்கென்று இருக்கும் நீல டப்பாவை இழுத்துத் திறந்தாள். உள்ளே வெள்ளரித் துண்டுகள் இருந்தன, இன்று காலை நறுக்கியவை.

"மூணு வாரமா தினமும் நறுக்கிட்டு வரேன்" என்றாள் அண்ணி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "சாயங்காலம் நானே தின்னுடுறேன்."