முப்பத்து மூன்றாவது மணி

கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர் பினாங்கை விட்டு ஊர் திரும்புகிறார் என்றால் பெட்டி கட்டுவது கடைசி வேலை. முதல் வேலை சலாம் வாங்குவது. அங்கேயே தங்கப் போகிற ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, உம்மாவுக்கு என் சலாம், மச்சானுக்கு என் சலாம் என்று ஒப்படைப்பார்கள். வாங்கிக்கொண்ட சலாம் அமானிதம். உரியவர் காதில் எத்தி வைக்கும் வரை அது வாங்கியவரின் பொறுப்பு. எத்தாமல் கண்ணை மூடிவிட்டால் மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு.

சேக் அலாவுதீன் பினாங்குத் தேத்தண்ணிக் கடையில் இருபத்தாறு வருடம் தேத்தண்ணி ஆற்றியவர். 1957-இல் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார். சலாம் கொடுக்க வந்தவர்களில் ஒருவர், மறந்துவிடப் போகிறீர்கள், சீட்டில் எழுதித் தரட்டுமா என்று கேட்டார்.

"சீட்டுல எழுதின சலாம் சலாமா? நான் என்ன போஸ்ட்மேனா?" என்று அவரை விரட்டிவிட்டார்.

அவரிடம் தொழுகைக்குப் பின் ஓதி எண்ணுகிற, முப்பத்து மூன்று மணி கோத்த தஸ்பீஹ் மாலை இருந்தது. ஆளுக்கு ஒரு மணி. பெயரைச் சொல்லி விரலால் மணியைத் தள்ளினால் சலாம் அதில் ஏறிவிட்டதாகக் கணக்கு. கப்பல் ஏறும்போது ஒரு மணிகூடக் காலி இல்லை.

கிளம்புகிற அன்று காலையில், பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, அறைக் கூட்டாளி குழந்தைசாமியிடம் ஒரு சந்தேகம் கேட்டார். குழந்தைசாமிக்குச் சொந்த ஊர் திருவரங்குளம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பத்தொன்பது வருடமாக இருவருக்கும் ஒரே அறை.

"ஊருக்குப் போன பெறகு இங்கத்தி நெனப்பு எனக்கு எதெது வரும்ங்கிறே, கொழந்தை? மலை ரயிலு வருமா? மணிக்கூண்டு வருமா? சீனன் கடை கடலை வாசம் வருமா?"

"நீங்கதானே போறீங்க ராவுத்தரே, எனக்கென்ன தெரியும்? என் நெனப்பு வருமா?"

"ஒன்னைய எதுக்கு நெனக்கணும்? மறந்தாத்தானே நெனக்கிறதுக்கு!"

குழந்தைசாமிக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப் போயிற்று. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஊருக்கு வந்த மூன்றே நாளில் அலாவுதீன் முப்பத்திரண்டு சலாம்களை எத்தி வைத்தார். வாங்கிக்கொண்டவர்கள் வழக்கப்படி, 'கொண்டுவந்த உங்கள் மீதும், அனுப்பியவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்' என்று அரபியில் பதில் சொன்னார்கள். தஸ்பீஹ் மாலையில் ஒரு மணி மிச்சம் இருந்தது. அதைத் தள்ளியது விரலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பது மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

பள்ளிவாசல் அஜரத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பினாங்குல நம்ம ஊரு ஆளுக எத்தனை பேரு? எண்ணுங்க" என்றார்.

எண்ணினார்கள். முப்பத்திரண்டு பேர்தான். முப்பத்து மூன்றாவது ஆளே கிடையாது. ஆனால் அவர் கொடுத்த சலாம் இருந்தது!

அஜரத்து தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஊரு முழுக்கச் சொல்லிருங்க. உரியவங்க மேல அதுவா போயி விழுந்துரும்."

அன்றிலிருந்து அலாவுதீன் வீடு வீடாக ஏறினார். "பினாங்குலேருந்து ஒரு சலாம். யாரு குடுத்தான்னு தெரியாது. யாருக்குன்னும் தெரியாது. ஒங்களுக்கா இருந்தா எடுத்துக்கங்க" என்றார். ஊரில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சும்மா வருகிற சலாமை யார் விடுவார்கள்? மீன் ஏலம் போடுகிறவர் தேடிக்கொண்டே வந்துவிட்டார். "பினாங்குல எனக்குன்னு யாருமில்லீங்க. ஆனா எனக்குத் தெரியாம யாராச்சும் இருக்கலாமுல்ல?" என்று நியாயம் பேசினார்.

மருத்துவச்சி மருதாயியும் வந்து நின்றாள். "பினாங்கு போன பயலுகள்ல பாதிப் பேரு நான் கையில ஏந்துனவனுக. ஒருத்தனுக்கு என் நெனப்பு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"சலாம் நம்ம ஆளுகளுக்குள்ளதான் மருதாயி. ஒன் கணக்கு வேற" என்றார் அலாவுதீன்.

"தொப்புள்கொடி அறுக்குறப்ப மட்டும் நான் ஒங்க ஆளு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

உயிரோடு இருப்பவர்கள் தீர்ந்ததும் கபர்ஸ்தானுக்குப் போய் ஒவ்வொரு கபராக நின்று சொன்னார். பிறகு கடற்கரைக்குப் போய்ப் படகுகளில் இருந்தவர்களுக்குச் சொன்னார். திரும்பி வரும்போது குறுக்கே நின்ற ஓர் ஆட்டுக்கும் சொன்னார். ஆட்டுக்காரர், அது பதில் சொல்லிற்றா என்று விசாரித்தார். இல்லை என்றதும், "அப்ப அதுக்கில்ல" என்று ஓட்டிக்கொண்டு போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பினாங்கு எப்படி என்று கேட்டு வந்தவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்தால் முப்பத்திரண்டு பெயர்கள் வரிசையாக வந்தன. மலை ரயில் என்று ஒன்று இருந்தது தெரியும். அது மேலே போகுமா கீழே போகுமா என்பது நினைவில்லை. இருபத்தாறு வருடத்தையும் அந்த ஒரு மணி அடைத்துக்கொண்டு நின்றது. அவருக்குப் பயமாக இருந்தது.

மனைவி ஜன்னத் பீவிக்குப் பயம் இல்லை, கோபம்தான் வந்தது. இருபத்தாறு வருடத்தில் மூன்றே முறை வந்து போன புருஷன். மற்றபடி ஊர் திரும்புகிற யார் யாரோ வாசலில் நின்று, அலாவுதீன் சலாம் சொன்னார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் யார் யாருக்கோ பதில் சொல்லி அனுப்புவாள். இப்போது ஆளே வந்தும், வந்த நாளாக மற்றவர்களுக்குத்தான் சலாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"பினாங்குலேருந்து ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாராமேன்னு ஊரே கேக்குது. எனக்கு இன்னும் வரலன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

ஆட்டு விஷயம் காதுக்கு எட்டிய மறுநாள், புதுக்கோட்டையில் மறதிக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் இருக்கிறார் என்று அவரைக் கிளப்பிவிட்டாள். அறந்தாங்கியில் பஸ் மாறினார்கள். ஏறியதும் அலாவுதீன் முன் சீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"சலாம் இருக்கட்டும் பெரியவரே, டிக்கெட்டு எங்கிட்டு?" என்றார் கண்டக்டர். ஜன்னத் பீவி தலை முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆலங்குடி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் விசிலை ஊதினார். "திருவரங்குளம்! திருவரங்குளம் எறங்குறவங்கல்லாம் எறங்குங்க!"

அலாவுதீன் எழுந்தார். எதிரில் இருந்த கூடையை மிதித்துக்கொண்டு இறங்கினார். ஜன்னத் பீவி பின்னாலேயே ஓடினாள். பஸ் போய்விட்டது.

ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று அவர் மாலையைக் கையில் எடுத்தார். பினாங்குத் துறைமுகம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. கப்பல் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்கி வைத்த குழந்தைசாமி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"மணி ஏதும் மிச்சமிருக்கா ராவுத்தரே? என் சலாம் ஒண்ணையும் ஏத்திக்கங்க."

"ஒன் சலாமா? யாருக்குய்யா? திருவரங்குளத்துல ஒனக்கு ஆரு இருக்கா?"

"ஆருமில்ல. ஒங்களுக்குத்தான்."

"எனக்குன்னா இங்கயே குடேன்."

"இங்க குடுத்தா இப்பவே தீந்துபோகும். ஊருக்குப் போயி எடுத்துக்கங்க."

சிரித்துக்கொண்டே கடைசி மணியைத் தள்ளினார். சங்கு மறுபடி ஊதியது. கூட்டம் அவரை ஏணிப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று.

ஊர்க்காரர் அத்தனை பேரையும் எண்ணினார். கபரில் கிடப்பவர்களை எண்ணினார். ஆட்டைக்கூட விடவில்லை. பத்தொன்பது வருடம் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனை எண்ணத் தோன்றவில்லை! அலாவுதீனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நோன்பு மாதத்தில் விடியுமுன் எழுந்து இவரை உலுக்கி எழுப்பிவிட்டவன் அவன்தான். எழுப்பிய கையோடு தானும் பட்டினி கிடந்து, நோன்பு திறக்கும் நேரத்தில், "எனக்கும் ஒரு பேரீச்சம்பழம்" என்று கையை நீட்டுவான். மலை ரயிலில் ஒரே ஒரு தடவை ஏறிவிட்டு உச்சி வரை வாந்தி எடுத்தவனும் அவன்தான். ஆமாம், ரயில் மேலேதான் போகும். கடலை வாசம், மணிக்கூண்டு, ஒழுகும் அறை என்று எல்லாம் அவன் பின்னாலேயே வரிசையாக வந்தன. அலாவுதீன் ரோட்டோரம் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதார்.

ஜன்னத் பீவி பக்கத்தில் குந்தினாள். விவரத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப அது ஒங்களுக்கு வந்த சலாமா?"

"எனக்கு வந்ததுதான். கொண்டுவந்ததும் நானேதான்."

"பதில் சொல்லுங்க, பின்ன."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்தவர் மீதும் அனுப்பியவர் மீதும் சாந்தி உண்டாகட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். விரலுக்கடியில் அந்தக் கடைசி மணி நகர்ந்தது.

"அவருக்கு இது போயிச் சேரணுமே. ஊருலேருந்து யாரு பினாங்கு போறா?" என்றாள்.

"யாரும் போற வரைக்கும் பொறுக்க முடியாது. இங்க போஸ்டாபீஸ் எங்கிட்டு இருக்குன்னு கேளு. லெட்டர் போட்டுருவோம்."

"சீட்டுல எழுதின சலாம் சலாமாம்பீங்களே?"

"அவன் எடுத்துக்குவான்" என்றார்.

டாக்டரைப் பற்றி இருவருமே அதற்கப்புறம் பேசவில்லை. கடிதம் போட்டுவிட்டு, திரும்பும் பஸ்ஸுக்காக அதே புளியமரத்தடியில் வந்து நின்றார்கள். அலாவுதீன் மாலையைப் பார்த்தார். ஒரு மணியிலும் யாரும் இல்லை. பிறகு திரும்பி ஜன்னத் பீவியைப் பார்த்தார். கண்ணோரமெல்லாம் சுருக்கம் விழுந்திருந்தது. முன்தலை நரைத்திருந்தது. ஊருக்கு வந்து நாற்பது நாள் ஆகியும் அவர் இதைப் பார்த்திருக்கவில்லை.

"ஜன்னத்து, அஸ்ஸலாமு அலைக்கும்."

இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அவள் வாய் தானாகக் கேட்டது. "யாரு குடுத்துவிட்டது?"

"நான்தான்."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அதே பழைய பழக்கத்தில், கொண்டுவந்தவருக்கு ஒன்று, அனுப்பியவருக்கு ஒன்று என்று இரண்டு பேருக்கும் பதில் சொன்னாள். அலாவுதீன் இரண்டையும் வாங்கிக்கொண்டார்.