மாமாவின் இடது காது

கண்காட்சி திறந்த நாளிலிருந்து அக்கா அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேடைமேல் அவள் கணவர், என் மாமாவின் தலை. சுடாத பச்சைக் களிமண்ணில் அவளே செய்தது. சூளையில் வைத்திருந்தால் காலத்துக்கும் நிற்கும். முடியவே முடியாது என்றுவிட்டாள். அது காயவேண்டும், வெடிக்கவேண்டும், பார்க்கிறவர்கள் கண்ணெதிரே உதிர்ந்து கொட்டவேண்டும். அதுதான் படைப்பே.

எங்கள் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தற்காலக் கலைக் கண்காட்சிகளின் பொறுப்பு என் தலையில். சொந்த அக்காவின் வேலையை உள்ளே கொண்டுவந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தெரியும். பேசட்டுமே! இயக்குநரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன்: "நல்லா இல்லன்னா சொல்லுங்க சார், எடுத்துடறேன். என் அக்காங்கறதுக்காக எடுக்க மாட்டேன்." அவர் அந்தத் தலையைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்கா ஏன் அப்படிச் செய்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராப்பகலாகக் கூடவே இருந்தவள், நர்ஸ் விரட்டாத குறையாகச் சொல்லவும் டீ குடிக்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. "அவர் போறப்ப நான் இல்லடி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்தாள். அப்புறம் ஒருநாள் களிமண்ணைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை அவர் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் அந்த மனுஷன் போனால்தானே!

பக்கத்து அறைகளில் துணி தொங்கியது, வீடியோ ஓடியது, கூட்டம் வந்து போனது. மாமா மட்டும் நேற்றுச் செய்து வைத்த மாதிரி அப்படியே இருந்தார். ஓவியத் துறைப் பெண்கள் எட்டிப் பார்த்து, "இன்னும் உடையலையா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அக்கா சிரிப்பாள். "அவருக்கு எப்பவுமே கெளம்ப லேட்டாகும். கல்யாணத்துக்கே லேட்டா வந்தவர்டி."

கண்காட்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"இப்படியே முடிஞ்சா இவரைப் பெட்டியில வெச்சு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணுமா?" என்றாள். "இன்னொரு தடவை என்னால முடியாதுடி."

மறுநாள் வாசல் திறக்கும் முன்பே போனேன். மேடை அருகே எங்கள் பராமரிப்புக்காரர் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பஞ்சு என்றுதான் சொல்வோம். எந்தப் பொருளை வைத்தாலும் அடியில் பஞ்சு விரித்துத்தான் வைப்பார். டீ கிளாசுக்குக்கூட விரிப்பார் என்று கேலி செய்வோம். மாமாவின் தலைமேலிருந்து ஈரத்துணி ஒன்றை மெல்ல உரித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"மொத வாரமே இடது காதுக்குப் பின்னாடி ஒரு விரிசல் மேடம். துணியை நனைச்சுப் போத்திட்டுப் போனேன். காலையில பாத்தா அழகாக் கூடியிருந்துச்சு." முகமெல்லாம் பெருமை. "அன்னையிலேர்ந்து தெனமும் போத்திட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கு அறிவிருக்கா? உதிரணும்னுதானே வெச்சிருக்கு! சுவத்துல அவ்ளோ பெருசா எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் மேடம்."

"அப்புறம்?"

"விரிசலைப் பாத்துட்டுச் சும்மா போக எனக்கு மனசு வரல. காலம் பூரா ஒட்டவெச்சே பழக்கம். அந்தம்மா வேற தெனம் வந்து அந்த முகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. அவங்க கண்ணு முன்னாடியா அது விழணும்?"

திரும்பினால் வாசலில் அக்கா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஐயோ, இப்போது என்ன ஆகப்போகிறதோ! அவள் நேரே வந்து அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"தெனமுமா போத்திவிட்டீங்க?"

"ஆமாம்மா. மன்னிச்சிருங்க."

"ஈரத்துணியையா? அவருக்குச் சட்டுனு சளி பிடிக்குமே." துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "இனிமே வேண்டாம்ணே."

அதற்குப் பிறகு பஞ்சு அந்த அறைப் பக்கமே வரவில்லை. சாமான் தூக்கிக்கொண்டு போகும்போதுகூடப் பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனார். மாமா காய்ந்தார். நெற்றியில் கோடு விழுந்தது, மூக்கோரம் வெடித்தது. அக்கா சாப்பிடக்கூட வெளியே போகவில்லை. நான் பிஸ்கெட்டைக் கையில் திணித்தால் வாங்கி வைத்துக்கொள்வாள்.

கடைசி நாள் மதியம் இடது காது அசைந்தது. அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்? அக்கா துள்ளி எழுந்து ஓடினாள். கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, காதைத் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றேன்.

"தெரியும்டி. கொஞ்சம் இரு."

காதருகே குனிந்தாள். பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் கேட்டது.

"டீ குடிக்கத்தாங்க போனேன். இந்தா, வந்துட்டேன்ல."

விரலை எடுத்தாள். காது விழுந்தது. சத்தமே இல்லை.

குனிந்து பார்த்தேன். மேடையின் அந்தப் பக்கம், யார் கண்ணுக்கும் தெரியாதபடி, மெல்லியதாகப் பஞ்சு விரித்திருந்தது. எப்போது வந்து விரித்தாரோ! திருந்தாத ஜென்மம். காது அதன்மேல் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது.

அக்கா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் நடுவில், வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து மணிக்கு மூடவேண்டிய கதவை அன்று யாரும் மூடவில்லை.