தலைவரின் ராஜினாமா

வெள்ளைக்கார அரசாங்கம் ஜே.பி. பட்டம் கொடுத்த வேலாயுதத்தை யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பினாங்கிலிருந்து ஜொகூர் வரை மலாயாத் தமிழர்களுக்குத் தலைவர் யார் என்று துரைமாரைக் கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது மகாஜன சபையின் தலைவர் நாற்காலியில் ஏறினார். சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு நான் கோலாலம்பூர் திரும்பியபோதும் அதிலேயே இருந்தார்.

அது ரப்பர் விலை விழுந்த வருஷம். தோட்டத்துக் கூலியை இன்னும் குறைக்கலாமா என்று அரசாங்கம் ஒரு கமிட்டி வைத்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டது. "குறைக்கலாம், எங்கள் ஜனங்களுக்குத் தேவைகள் கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். சபையில் ஒருவரையும் கேட்கவில்லை. கூலி குறைந்தது. அதன் பிறகு அவருடைய மோட்டார் கார் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் போனால் ஆட்கள் திரும்பி நின்று காறித் துப்பினார்கள். கார் நின்றால் அதே ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள்.

அப்பா சபையின் காரியதரிசி. ரயில்வேயில் கிளார்க்கு. எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையின் பெரிய மனிதர்கள் கூடுவார்கள். நான் உள்ளே நின்று கோப்பி ஊற்றுவேன். பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"மனிசன் வெக்கம் கெட்டது, தியாகராசா. இறக்கத்தான் வேணும்." அப்பாவிடம் இதைச் சொன்னவர் அந்தோனிப்பிள்ளை. நில அளவை இலாகாவில் படம் வரைகிறவர், சபைக்குப் பொக்கிஷதார்.

"இறக்கலாம்" என்றார் அப்பா. "சட்டத்திலை இடமிருக்கு. வருஷக் கூட்டத்திலை நம்பிக்கையில்லாத் தீர்மானம். கிளைகளிலையிருந்து வாறவையிலை பாதிக்கு மேலை எங்கட பக்கம். நான் விசாரிச்சிட்டன்."

"அப்ப யார் கொண்டுவர்றது?" என்று கேட்டார் ராதாகிருஷ்ணன், துணிக்கடைக்காரர்.

கோப்பிக் கிண்ணங்கள் ஒலித்தன. 

அந்தோனிப்பிள்ளை கொண்டுவந்தால் அவரைப் பகாங் காட்டுக்கு மாற்றிவிடுவார்கள்; வேலாயுதத்துக்கு எல்லா இலாகாத் துரைமாரையும் தெரியும். அப்பாவுக்கு ஓய்வூதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. ராதாகிருஷ்ணனின் கடை இருந்த கட்டடமே வேலாயுதத்துடையது. எல்லாரும் தங்கள் காரணத்தைச் சொன்னார்கள். எல்லாரும் மற்றவர் காரணத்துக்குத் தலையாட்டினார்கள்.

"கூலிக்காரன் ஒருத்தன் கொண்டுவந்தால்தான் எடுபடும்" என்றார் அப்பா கடைசியில். "நட்டப்பட்டவன் அவன்தானே?"

எல்லாருக்கும் மூச்சு வந்தது.

அப்படித்தான் நாகையாவைப் பிடித்தார்கள். கிள்ளானுக்கு அப்பால், காப்பார் ரோட்டில் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர். கிள்ளான் கிளையில் தோட்டத்து ஆட்களுக்குப் பிரதிநிதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி இராஜம்மாவோடு ரயிலேறி வந்தார். நாற்காலி காட்டினால் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றே கேட்டுக்கொண்டார்.

"பேசறதுக்குப் பயமில்லீங்க. பேசிட்டு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பணுமே. துரை வேலைய நிறுத்துனா அன்னைக்கே லயத்தையும் காலி பண்ணணும். கப்பல்ல ஏத்தி நாகப்பட்டணத்துக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பினா என்னன்னு இவரு சும்மா இருப்பாரு" என்றாள் இராஜம்மா. "நான் காப்பார்ல பொறந்தவங்க. எங்கம்மாவ லயத்துக்குப் பின்னாடிதான் பொதைச்சிருக்கு. அந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா? கடல்ல எறக்கிவிட்டுட்டு நீந்திப் போன்னு சொல்ற மாதிரி."

"அப்பிடி ஒண்டும் நடக்காது, பிள்ளை" என்றார் அப்பா. "வேலாயுதம் இறங்கினால் அவரின்ரை சொல் துரையிட்டை எடுபடாது. புதுத் தலைவர் எங்கட ஆள். தீர்மானத்தை நாகையா வாசிக்கட்டும். அடுத்த நிமிசம் நான் எழும்பி ஆமோதிப்பன். காரியதரிசி எழும்பினால் சபையே எழும்பும்."

"சத்தியமாவா?"

"சத்தியம்."

அந்தோனிப்பிள்ளை தன் பங்குக்கு மார்பில் சிலுவை போட்டார்.

கூட்டத்தன்று சபை மண்டபம் நிரம்பியிருந்தது. ஈப்போ, சிரம்பான், தெலுக் ஆன்சன் என்று எல்லாக் கிளைகளும் வந்திருந்தன. பெண்களுக்குப் பக்கவாட்டில் இரண்டு பெஞ்சு. நானும் இராஜம்மாவும் நெருங்கி உட்கார்ந்தோம். அவள் சேலையில் ரப்பர்ப் பால் வாடை இருந்தது. துவைத்தாலும் போகாத வாடை அது.

வேலாயுதம் வந்தார். அப்பா அவருக்கு மாலை போட்டார். அது வழக்கம். இறக்கப் போகிற தலைவருக்கும் முதலில் மாலைதான். வரவேற்பு, அறிக்கை, கணக்கு எல்லாம் ஆயின. பிறகு நாகையா எழுந்தார்.

நன்றாகத்தான் பேசினார். கூட்டிப் பேசவில்லை. "எங்களுக்குத் தேவை கொஞ்சம்தான்னு ஐயா சொல்லிட்டாரு. எங்க வீட்டுல ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் பாத்துச் சொல்லியிருக்கலாம். அவரு எங்களுக்குத் தலைவரா இருக்க வேணாம்." தீர்மானத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசைகளில் கைதட்டல் தொடங்கி முன்வரிசைக்கு வந்து நின்றது.

அப்பா எழவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் வேலாயுதம் எழுந்துவிட்டார்.

"என் சகோதரர்களே, என்னை வேண்டாம் என்று ஒரே ஒரு தோட்டத்துத் தம்பி சொன்னாலும் எனக்கு இந்த நாற்காலி எதற்கு? வாக்கெடுப்பு வேண்டாம். சண்டை வேண்டாம். இந்த நிமிஷமே ராஜினாமா செய்கிறேன். என் பிணத்தையாவது உங்கள் தோளில் தூக்குவீர்கள் என்று நம்புகிறேன்." குரல் உடைந்தது. கழுத்து மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேடையிலிருந்து இறங்கினார்.

இறங்கிவிட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் சபைகளில் ராஜினாமா என்பது பந்தியில் "போதும், போதும்" என்று இலைக்கு மேல் கையை நீட்டுவது போல. நீட்டியவர் இலையில்தான் இன்னொரு கரண்டி விழும். அந்தோனிப்பிள்ளை வருஷாவருஷம் ராஜினாமா செய்வார். வருஷாவருஷம் கெஞ்சி இருத்துவார்கள். கெஞ்சாமல் விடுவது செத்த வீட்டுக்குப் போகாமல் விடுவதைவிடப் பெரிய அவமரியாதை. வேலாயுதத்துக்கு இது தெரியும். கதவை நோக்கி அவ்வளவு மெதுவாக நடந்தார்.

மண்டபத்தில் சத்தமே இல்லை. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கை தூக்க வேண்டியதில்லை, ஆமோதிக்க வேண்டியதில்லை, பகாங்குக்குப் போக வேண்டியதில்லை. அவர் கதவைத் தாண்டும் வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

அப்பா எழுந்தார். இராஜம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆமோதிக்கத்தான் எழுகிறார் என்று நினைத்தாள். நானும் நினைத்தேன்.

"ஐயா, அப்பிடிச் சொல்லப்படாது!" என்றார் அப்பா.

அளவுக்கு மேல் உப்புக் கரைந்து அசையாமல் நிற்கும் நீரில் அதே உப்பின் ஒரு சிறு துண்டைப் போட்டால், ஒரு நொடியில் எல்லாம் உறைந்து கட்டியாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் அதைப் பார்க்க அழகாக இருக்கும். இங்கே அந்தோனிப்பிள்ளை ஓடிப்போய்க் கதவை மறித்தார். ராதாகிருஷ்ணன் "எங்களை அநாதையாக்கிட்டுப் போறீங்களா?" என்று தலைவரின் முழங்கையைப் பிடித்தார். ஈப்போக்காரர்கள் அழுதார்கள். சிரம்பான்காரர்கள் ஈப்போக்காரர்களைவிடச் சத்தமாக அழுதார்கள். கடைசியாக எழுந்தவர் என்று பெயர் வாங்க ஒருவருக்கும் மனமில்லை. எனக்குப் பார்க்க அருவருப்பாக இருந்தது. 

நாகையா மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, முன்பு பேசிய குரலிலேயே சொன்னார். "அவரே போறேங்கறாரு. போவட்டும். விடுங்க."

"உக்காருடா, பால்வெட்டிப் பயலே!"

யார் சொன்னதென்று தெரியவில்லை. ஒரு சிரிப்பு எழுந்தது. எங்கள் வீட்டுக் கோப்பி குடித்த வாய்களும் அதில் இருந்தன.

வேலாயுதத்தைத் தோளில் கைபோட்டுத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார்கள். "உங்கள் அன்புக்கு நான் அடிமை" என்றார். அப்பா அதே மாலையை எடுத்து மறுபடி போட்டார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்தப் பக்கத்தைப் பின்கழுத்துக்குத் தள்ளிச் சரிசெய்தார்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகையாவைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி நல்லாப் பேசுது. எந்தத் தோட்டம்?"

 அப்பா குனிந்து தலைவரின் காதருகே தோட்டத்தின் பெயரைச் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவர். சொன்ன பிறகுதான் என் பக்கம் பார்த்தார்.

அன்று சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்க்காமல் பேசினார். "ஒரு பெரிய மனிசன் அழுதுகொண்டு இறங்கிப் போறார். பாத்துக்கொண்டு இருக்கேலுமே? சபை மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

எனக்குப் பதில் இருந்தது. வாய்வரை வந்தது. ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு ஞாயிறு போயிருக்கும். முன்னறையில் மறுபடி எல்லாரும் கூடியிருந்தார்கள். வேலாயுதம் புதிதாக ஏதோ ஒரு கமிட்டியில் ஏதோ சொல்லிவிட்டாராம். "மனிசனுக்கு வெக்கமில்லை, இறக்கத்தான் வேணும்" என்று அந்தோனிப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் நாகையாவும் இராஜம்மாவும் வந்து நின்றார்கள். கையில் ஒரு மூட்டையும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன.

"சீட்டுக் கிழிச்சிட்டாங்க" என்றார் நாகையா. "லயத்தையும் பூட்டியாச்சு. வியாழக்கிழமை கப்பலாம்."

ராதாகிருஷ்ணன் கோப்பியைக் கீழே வைத்தார். எல்லார் முகமும் உண்மையாகவே வாடியது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"இதுக்கு ஒரு வழி செய்யவேணும்" என்றார் அப்பா. "தலைவரிட்டை ஒரு சொல் சொல்லிப் பாப்பம். அவர் துரைக்கு ஒரு டெலிபோன் போட்டால் காரியம் முடிஞ்சுது."

"ஓம், ஓம்" என்றார் அந்தோனிப்பிள்ளை. "அவர் ஒருத்தராலைதான் ஏலும்."

"இரக்கமுள்ள மனுஷன்தான்" என்றார் ராதாகிருஷ்ணன். "பழம், வெத்தல பாக்கோட போய் நின்னா இல்லைன்னு சொல்ல மாட்டாரு. நாகையா கால்ல விழுந்து ஒரு மன்னிப்பு கேட்டுட்டா..."

நாகையா மூட்டையைத் தூக்கினார். இராஜம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விழறோங்க" என்றாள். "இவரு விழமாட்டாரு, நான் விழறேன். எனக்கு அந்தக் கப்பல்ல ஏறவேணாம். ஆனா நீங்களும் கூட வரணும். வந்து, 'இவனப் பேசச் சொன்னது நாங்கதான், எங்க வீட்டுல வெச்சுச் சத்தியம் பண்ணோம்'னு அவரு முன்னால சொல்லணும். அவ்வளவுதான். அதச் சொன்னா நான் காலுல விழறேன்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது... அது சரிவராது, பிள்ளை. காரியம் கெட்டுப்போகும்."

"கெடறதுக்கு இன்னும் என்னா மிச்சம் இருக்கு?"

 அவள் கொஞ்ச நேரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

நான் பின்கதவால் வெளியே வந்தேன். செருப்பைக்கூடப் போடவில்லை. ரயில்வே ஒர்க்ஷாப் சுவரோரம் அவர்களை எட்டிப் பிடித்தேன். கூடவே நடந்தேன். ஸ்டேஷன் வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கிள்ளான் வண்டி இன்னும் வரவில்லை. இராஜம்மா பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"நீங்க படிச்சவங்கம்மா" என்றாள். "நெசமாச் சொல்லுங்க. அந்த ஆள எறக்கவே முடியாதா?"

"ஏலும்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அண்டைக்கு அவர் இறங்கிட்டார், அக்கா. கதவுவரைக்கும் போயிட்டார். ஒருத்தரும் எழும்பாமல் இருந்திருந்தால் போயிருப்பார். அப்பாதான் திருப்பி ஏத்தினவர்."

வாழ்க்கையில் முதல் முறையாக அப்பாவைப் பற்றி வெளி ஆளிடம் அப்படிச் சொன்னேன். சொன்னதும் அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் இன்னும் கொஞ்சம் ஏறியது.

நாகையா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எறக்க வேண்டியது வேற ஆளத்தான்" என்றார். "தப்பான ஆளு மேல தீர்மானம் போட்டுட்டேன்."

இராஜம்மா அவர் தொடையில் ஒரு அடி வைத்தாள். "சும்மா இருங்க. பெத்த பொண்ணு முன்னாலயா?"

"தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றார் அவர் என்னிடம்.

வண்டியின் ஊதல் கேட்டது. இல்லை, நான் தப்பாக நினைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவர்கள் ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, பெட்டியைக் காலுக்கடியில் தள்ளும் வரை எனக்கு நேரம் இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்கள் அதைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.