புல்டோசரின் மூச்சு

நாலாவது ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் சாம்பியன் தன் மூலைக்கு வராமல் எதிராளியின் மூலையைப் பார்த்து நடந்தார். கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. வயசானாலும் ஆளுக்குக் குசும்பு போகவில்லை, பையனை அவன் இடத்துக்கே போய் வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி வழியில் சுதாரித்துக்கொண்ட சாம்பியனும் கையுறையை உயர்த்தி ஆட்டிவிட்டு, அதற்காகவே வந்தவர்போலத் திரும்பினார். மூலையில், வீக்கத்தை அமுக்குகிற குளிர்ந்த இரும்புத் துண்டோடு நின்ற அவர் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குசும்பாவது ஒன்றாவது! மனுஷனுக்கு வழி தெரியவில்லை.

"பிரமாதம் மாப்ள! அப்படித்தான் அவனை வெறுப்பேத்தணும்" என்று அவள் அண்ணன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். சாம்பியனுக்குப் பதினாறு வருஷமாகப் பயிற்சி கொடுப்பவன் அவன்தான். "அவன் துரத்தத் துரத்த நமக்குத்தான் லாபம். இன்னும் ரெண்டு ரவுண்டுல மூச்சு வாங்கி நின்னுருவான் பாருங்க."

அண்ணனின் கணக்கு அது. நழுவி நழுவி ஓடுகிறவனைப் பிடிக்கக் கால் வேண்டும், முப்பத்தெட்டு வயசுக் காலுக்கு அது ஆகாது. ஆனால் பாய்ந்து வருகிறவன் தன் காலாலேயே வந்து சேர்ந்துவிடுகிறான். அரை அடி ஒதுங்கி, அவன் தாடை வரப்போகிற இடத்தில் முஷ்டியை வைத்துவிட்டு நின்றால் போதும். முட்ட வந்த எத்தனையோ பேர் அப்படித்தான் மல்லாந்திருக்கிறார்கள். அதனால்தான், ஊரெல்லாம் புல்டோசர் என்று கூப்பிடுகிற இந்த இருபத்துநாலு வயசுக்காரனோடு போட்டி என்றதும் அண்ணன் துள்ளிக் குதித்தான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதற்கு இரண்டு கண் வேண்டும், அவ்வளவுதான்.

இடது கண் போய்ப் பதினோரு மாசமாகிறது. ஓரத்திலிருந்து திரை இழுத்த மாதிரி மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. அது அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவள் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ். போட்டிக்கு லைசென்ஸ் கொடுக்கும் டாக்டர் கண்ணைச் சோதிக்கச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைத் தாளில் எழுதி வந்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அவரை ஒப்பிக்க வைத்தவளும் அவள்தான். சும்மா செய்யவில்லை. அழுதாள், கத்தினாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சாம்பியன் பெல்ட்ட எவனாவது என்னை அடிச்சு வாங்கிட்டுப் போகட்டும்டி. ஒரு டாக்டர் கையெழுத்துல போக வேணாம்" என்றார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொன்னார். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. இப்போது அந்தத் தாளை எழுதின கையைத் தானே வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கண் போன பக்கத்துக்குக் காதை வைத்துக்கொண்டார் சாம்பியன். புல்டோசருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு குத்துக்கு முன்னாலும் மூக்கால் 'ம்ஹ்' என்று மூச்சை விடுவான், இடது பாதத்தைத் தரையில் இழுப்பான். பழைய போட்டிகளின் வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கேட்டே அதைப் பிடித்தார்கள். மூன்று மாசம் பயிற்சிக்கூடத்தில் கதவை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எதிரே நிற்கவும் மூச்சிரைக்கிற தடியன் ஒருவனாகத் தேடிப் பிடித்தார்கள். இடது பக்கத்திலிருந்து வந்த குத்துகளில் பத்துக்கு எட்டை ஒதுக்கினார். "மாப்ள சாமியார் ஆயிட்டாரு, தியானமில்ல பண்றாரு" என்று விஷயம் தெரியாத அண்ணன் எல்லோரிடமும் பெருமையடித்தான்.

குத்துச்சண்டை பார்க்க வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்பது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எத்தனை வருஷமாக இந்த இரைச்சலிலேயே வாழ்ந்தவர்கள்! முதல் மணி அடித்து, அரங்கம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியபோதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்து எதையோ தேடினார். அடுத்த நொடி இடது கன்னத்தில் முதல் குத்து விழுந்தது.

அதற்கப்புறம் அவர் செய்ய முடிந்தது ஒன்றுதான். முகத்தைத் திருப்பி, பார்வையுள்ள வலது கண்ணை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். புல்டோசர் ஒன்றும் முட்டாள் இல்லை. நீட்டின இடத்திலேயே குத்தினான்.

ஐந்தாவது ரவுண்டில் அவள் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணா, போதும். நிறுத்திரு."

"பைத்தியமா உனக்கு? அவன் கை கீழ இறங்குது பாரு."

இறங்கத்தான் செய்தது. அந்தச் சமயத்தில் சாம்பியன் ஒதுங்கி ஒரு குத்து விட்டார். பழைய சாம்பியனின் குத்து. புல்டோசரின் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. அரங்கம் எழுந்து நின்றது. பாழாய்ப்போன மனசு, அவளும் ஒரு கணம் கத்திவிட்டாள். கத்தி முடிப்பதற்குள் வலது கண்மேல் இரண்டு குத்துகள் சேர்ந்தாற்போல விழுந்தன. மணி அடித்தது. இந்த முறை அவர் எந்த மூலைக்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அண்ணன் ஓடிப்போய்த் தோளை அணைத்துக் கூட்டிவந்தான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள் இரும்பை வைத்தாள். வலது கண் இமை முழுசாக மூடி, கறுத்து, பளபளவென்று உப்பியிருந்தது. அண்ணன் கயிற்றுக்கு வெளியே குனிந்து தண்ணீர்ப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏய், நீதானே?" என்றார்.

"நான்தாங்க."

"ரெஃப்ரி இங்க வருவாரு. விரலைக் காட்டி எத்தனைன்னு கேப்பாரு. நீ என் முதுகுல தட்டிச் சொல்லு."

"மாட்டேன்."

"அவன் ஆடிப்போய்ட்டான்டி. கட்டிப் பிடிச்சுட்டா மூச்சு காதுகிட்டயே கேக்கும். ஒரே ஒரு ரவுண்டு."

"இருக்கிறது ஒரு கண்ணுங்க."

"வீக்கம்தானே, நாளைக்கு வடிஞ்சிரும்."

"வடிஞ்ச பிறகும் தெரியலைன்னா?"

அவர் கையுறையோடு அவள் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கெஞ்சி அவருக்குப் பழக்கமில்லை. "நின்னுட்டுத் தோக்கறேன்டி. உக்காந்துட்டுத் தோக்க வைக்காத."

அவள் இரும்பைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்றால் வாழ்நாளெல்லாம் இந்த மனுஷன் தன்னை மன்னிக்கப் போவதில்லை. சரி என்றால், அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகும் ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே மன்னிக்க முடியாது.

நடுவர் வந்துவிட்டார். அவள் எழுந்து பின்பக்கம் போய், ஈரத் துண்டால் துடைக்கிற சாக்கில் முதுகில் கையை வைத்தாள். அனலாகக் கொதித்தது.

"சாம்பியன், இங்க பாருங்க. எத்தனை?"

மூன்று விரல். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளங்கைக்குக் கீழே அந்த முதுகு மூச்சைக்கூட நிறுத்திக்கொண்டு காத்திருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க சாம்பியன்."

"பாத்துட்டேன், சொல்றேன்" என்று அவர், நடுவர் நிற்காத பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அவள் கை எங்கே என்று தேடி அவர் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து வந்தது.