கவுண்டரில் பேசக் கூடாது

பார்சல் லாரி ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது கிழக்கு அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தை மாதத்துப் பனி. ஆற்றுப் பக்கமிருந்து ஊதல் காற்று. மந்திரமூர்த்தி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடு இறங்கினான். வந்தது பூராவும் குளுக்கோஸ் பாட்டில், எல்லாம் கண்ணாடி. பெட்டியை அலுங்காமல் நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். கால் பிசகி ஒரு பாட்டில் உடைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். பெட்டியைக் கட்டிய தகரப்பட்டை நெஞ்சைக் கீறிக் கீறி அவன் பனியன் எல்லாம் ஒரே இடத்தில் கிழிந்திருந்தது.

"ஏ வே மூர்த்தி, மதுரையில போயி நாலு வருஷம் இதையா வே படிச்சீரு?" என்றான் வேன் டிரைவர் நேசையா, அடுத்த பெட்டியை லாரியிலிருந்து இழுத்துக்கொண்டே.

"இது பிராக்டிகல் வே. பேசாம தூக்கும்."

சுமை இறக்க முன்பெல்லாம் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். போன ஆடியில் அவர்களை நிறுத்திவிட்டார் முதலாளி ஆறுமுகநயினார். "சும்மா உக்காந்திருக்க ஆளு இத்தனை பேரு இருக்கையில கூலி எதுக்கு?" என்றார். டிரைவரும் பார்மசிஸ்டும் அவர் கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள்.

மந்திரமூர்த்தி பி.பார்ம் முடித்தவன். சென்னைக்குப் போய்ப் பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வந்தவன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆஸ்பத்திரியில் மருந்துக்கடை திறக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். காலையில் இருவருக்கும் ஊதுபத்தி உண்டு. இருவரும் வாய் திறக்கக் கூடாது என்பதும் பொது.

படித்தபோது பெரியாஸ்பத்திரி வார்டில் டாக்டர்களோடு கட்டில் கட்டிலாகப் போய்ப் பழகியவன் அவன். நோயாளிக்கு வயசென்ன, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, எந்த மருந்து எதோடு சண்டை போடும் என்று பார்ப்பது, பார்த்து டாக்டரிடம் சொல்வது, நோயாளிக்குப் புரியும்படி விளக்குவது, இதுதான் பார்மசிஸ்டின் வேலை என்று நம்பி வந்தான். வந்த புதிதில் ஒரு சீட்டில் இரண்டு மருந்து சேரக் கூடாது என்று கண்டு டாக்டர் வித்யாலக்ஷ்மியிடம் ஓடினான். "நல்லவேளை சொன்னேள்" என்று மாற்றி எழுதினாள் அவள். நயினாருக்கோ அவன் கவுண்டரை விட்டுப் போனதுதான் கண்ணில் பட்டது. பலசரக்கு மொத்த வியாபாரத்தில் தேறி ஆஸ்பத்திரி கட்டிய மனிதர். மருந்தையும் சரக்கு என்றுதான் சொல்வார். மறுவாரமே 'கவுண்டரில் பேசக் கூடாது' என்று பலகை தொங்கியது.

"பருப்பு விக்கவங்கூட வேகுமா வேகாதான்னு பேசித்தானே அண்ணாச்சி விக்கான்" என்று மூர்த்தி கேட்டான்.

"பருப்புக்கு வே, பேரம் உண்டு. இதுக்கு உண்டா? குடுத்தமா, அடுத்த ஆளைப் பாத்தமான்னு இரும்" என்றார் அவர்.

அன்றைக்கு லாரி பிந்தி வந்ததால் கவுண்டர் திறக்கும் நேரமாகியும் சுமை தீரவில்லை. கவுண்டரில் ஷரீபா பீவி மட்டும் நின்றாள். மேலப்பாளையத்துக்காரி. புருசன் போன பிறகு இங்கே மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலைக்கு வந்தவள். மூர்த்தி ஒவ்வொரு சீட்டையும் பார்த்துச் சொல்ல, அவள் எடுத்துக் கொடுப்பாள் என்பதுதான் முறை. முறையெல்லாம் அவன் கையில் பெட்டி இல்லாத நாட்களில்.

அவன் பெட்டியோடு நடையில் வந்தபோது டெய்லர் நூர்முகம்மது கவரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றார். அப்போதுதான் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து டாக்டரம்மா மாத்திரை எழுதியிருந்தாள். காலையில் ஒன்று, ராத்திரி அரை.

"நோம்பு மாசமாச்சே பீவி, இதை எப்பம் திங்க?"

ஷரீபா கழுத்தை எக்கி நடையைப் பார்த்தாள். "மூர்த்தித் தம்பி!" என்று ஒரு குரல் கொடுத்தாள். நெஞ்சில் பெட்டி. பின்னால் நேசையாவின் பெட்டி முதுகில் இடிக்கிறது. "இந்தா வந்துட்டேங்கா" என்றான். அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நயினார் அதட்டினார். "என்னம்மா அங்கன பேச்சு? குடுத்தாச்சுன்னா அனுப்பு. வரிசை வாசலைத் தாண்டிட்டு."

ஷரீபா பதறிப்போனாள். "காலைச் சாப்பாட்டுக்கு முந்தினதுதானே மாமா, சஹருக்கே தின்னுருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் சனத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நோன்பு மாசத்தில் விடியுமுன் உண்ணும் சஹர்தானே காலைச் சாப்பாடு. மூர்த்தி பெட்டியை வைத்துவிட்டு வந்தபோது டெய்லர் போய்விட்டிருந்தார். என்ன கேட்டார் என்று விசாரிக்கக்கூட விடாமல் வரிசை நெருக்கியது.

மறுநாள் ஒரு மணித் தொழுகைக்கு முந்தி நேசையாவின் வேன் அலறிக்கொண்டு வந்தது. பெருநாள் துணி குவிந்து கிடக்க, நூர்முகம்மது தையல் மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டாராம். உடம்பெல்லாம் தண்ணீராய் வேர்த்திருந்தது. விடியுமுன் முழு மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து மிதித்தால், அந்த மாத்திரை இருக்கிற சர்க்கரையையும் இழுத்துக் கீழே தள்ளாமல் என்ன செய்யும்? வித்யாலக்ஷ்மி நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "நோம்பு முறிஞ்சுட்டா?" என்று கேட்டார். வந்த கோபம் யார் மேல் என்று மூர்த்திக்குத் தெரியவில்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று மூச்சு விட்டார் நயினார். விட்ட மூச்சு அடங்குமுன் பழி போட ஆள் தேடத் தொடங்கிவிட்டார். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஷரீபா அவர் அறையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"நாளையிலருந்து நீ வர வேண்டாம். வே மூர்த்தி, அந்த வீட்டு ஆளுவ வருவாவ. நீரு சரியாத்தான் சொன்னீரு, இவதான் மாத்திச் சொல்லிட்டான்னு சொல்லிரும்."

"நான் அவரு மொகத்தையே பாக்கலியே அண்ணாச்சி. நான் பின்வாசல்ல பெட்டி தூக்கிக்கிட்டு நின்னேன்."

"அதை அவாளுக்கு யாரு சொல்லப் போறா?"

"நான் சொல்லுவேன்."

வித்யாலக்ஷ்மி குறுக்கிட்டாள். "அண்ணாச்சி, நோன்பு இருக்கேளான்னு நானும் கேக்கலை. இவாளை மட்டும் சொல்றது நியாயம் இல்லை."

"நீங்க டாக்டரம்மா. உங்களை யாரு என்ன சொன்னா? இது கடைச் சங்கதி." அவர் மூர்த்தி பக்கம் திரும்பினார். "உம்ம பேப்பருக்குத்தான் வே சம்பளம். வாய்க்கு இல்ல."

படித்த நாலு வருஷமும் அந்த ஒரு வார்த்தையில் குப்பைக்குப் போனது போல இருந்தது அவனுக்கு. வெளியே வந்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் கூடினார்கள். நேசையா, வார்டு நர்ஸ் ஜெபமணி, இரண்டு ஆயாக்கள், எக்ஸ்ரேக்காரர். ஷரீபா நோன்பு என்பதால் யாரும் டீ சொல்லவில்லை. கடைக்காரர் முறைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னது தப்புதானே தம்பி" என்றாள் ஷரீபா. "என்னால நீங்க யாரும் கெட்டுப் போவ வேண்டாம். பீடி சுத்தியாவது பொழச்சுக்கிடுவேன்."

மூர்த்திக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தப்புதாங்கா, நோம்புக்கு அளவை மாத்தணும். ஆனா அதைத் திருத்த வேண்டியவன் நான். அதுக்குத்தான் என்னைப் படிக்க வச்சாவ. என்னைப் பெட்டி தூக்க விட்டுட்டு, உங்களைக் கவுண்டர்ல தனியா விட்டுட்டு, வாயையும் கட்டிப்போட்டா பின்ன என்ன நடக்கும்? இன்னைக்கு அவரு பொழச்சுட்டாரு. நாளைக்கு?"

"ராத்திரி டியூட்டிக்கு ஒரு ஃப்ளோருக்கே ஒரு நர்ஸுதான் போடுதாவ" என்றாள் ஜெபமணி. "எங்க கையிலயும் ஒருநாள் எதாவது ஆகத்தான் போவுது. அன்னைக்கு என் பேரைச் சொல்லுவாவ."

நேசையா தாடையைச் சொறிந்தான். "பேசிப் பேசி என்ன வே பிரயோசனம்? நம்மால என்ன செய்ய முடியும், அதைச் சொல்லும்."

மூர்த்தி சொன்னான்: "அவரு சொன்னது சரிதான் வே. என் பேப்பருதான் கடை. நான் இல்லாம கடையைத் தொறந்தா சட்டப்படி குத்தம். அக்கா உள்ள வார வரைக்கும் நான் தொறக்க மாட்டேன். சுமைக்கு ஆளு வரணும். சனங்கிட்ட நின்னு பேச எனக்கு எடம் வேணும். ஆனா நான் ஒத்தையில நின்னா, நாளைக்கே வேற ஒரு பேப்பரைக் கொண்டாந்து தொங்க விட்டுருவாரு."

"ஒத்தையில யாரு வே நிக்கச் சொன்னா?" என்றான் நேசையா. அப்போது பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். ஷரீபா பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டாள். கடைக்காரர் யாரும் கேட்காமலே எல்லாருக்கும் டீ ஆற்றினார்.

மறுநாள் விடியுமுன்னே மூர்த்தி வந்து வார்டுகளுக்கு வேண்டிய மருந்தை எல்லாம் மேலே ஏற்றி ஜெபமணியிடம் ஒப்படைத்தான். படுத்திருக்கிற நோயாளி யாரும் தங்கள் சண்டையில் தவித்துவிடக் கூடாது என்று எல்லாரும் ஒரே முடிவாக இருந்தார்கள். பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வாசல் வேப்பமரத்தடியில் போய் நின்றான். ஷரீபா பக்கத்தில் நின்றாள். நேசையா வேன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் எடுப்பேன்" என்றான். டியூட்டி முடிந்த நர்ஸுகள் வீட்டுக்குப் போகாமல் வந்தார்கள். வித்யாலக்ஷ்மி காரிலிருந்து இறங்கியவள் அவர்களிடம் வந்து தயங்கினாள். "நான் பேஷண்ட் பாக்காம இருக்க முடியாது. ஆனா யார் வந்து கேட்டாலும் நடந்ததை அப்படியே சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது போதுமா போதாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

நயினார் வந்து ஷட்டரைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"ஏலே, சாவியைக் கொடு."

"அக்காவை உள்ள கூப்பிடுங்க, தாரேன்."

"நாளைக்கே வேற ஆளைப் போடுதேன் பாரு. ஊருக்குள்ள உனக்கு எவன் வேலை குடுக்கான்னும் பாக்கேன்."

அவன் உள்ளுக்குள் பயந்துதான் போனான். சொல்லக்கூடியவர், செய்யக்கூடியவர். கையில் சாவி வேர்வையில் வழுக்கியது.

அந்நேரம் ஆட்டோவிலிருந்து இறங்கினாள் ஆசியா உம்மாள், நூர்முகம்மதின் மனைவி. நயினார் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா, இந்தா நிக்கா பாருங்க, உங்க வீட்டுக்காரருக்குத் தப்பாச் சொன்னவ" என்று கையை நீட்டினார். ஷரீபா தலையைக் குனிந்துகொண்டாள். மூர்த்தி நடந்ததைச் சொன்னான். ஷரீபா கூப்பிட்டதையும், தான் வர முடியாமல் போனதையும், பலகையையும், எதையும் மறைக்கவில்லை.

ஆசியா உம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். ஷரீபாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லாமல் இல்லை. பிறகு போய் அவள் பக்கத்தில் வேர்மேல் உட்கார்ந்தாள். மடியிலிருந்து மாத்திரைக் கவரை எடுத்து மூர்த்தியிடம் நீட்டினாள்.

"மிச்ச நோம்பையும் வைப்பேன்னு நிக்காரு தம்பி. இதை எப்பம், எப்படிக் குடுக்க?"

"முதல்ல, இந்த உடம்போட நோம்பு வைக்கலாமான்னு டாக்டரம்மாட்ட கேக்கணும்மா. அவங்க வேண்டாம்னா வேண்டாம். மயக்கம் வருமுன்ன என்னல்லாம் தெரியும், அப்பம் என்ன குடுக்கணும்னு நான் சொல்லுதேன்..."

சீட்டும் கையுமாக ஷட்டர் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்தார்கள். "எனக்கும் சர்க்கரைதான், அதையும் சொல்லுங்க" என்றார் ஒருவர். படியில் நின்ற நயினார், "ஏலே, ரோட்டுல நின்னு கூட்டம் போடாதே! சீக்கிரம் கலைங்க!" என்று கத்தினார். மூர்த்தி பேச்சை நிறுத்தி ஒரு கணம் திரும்பிப் பார்த்தான்.

ஆசியா உம்மாள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "இங்கன யாருக்கும் அவசரம் இல்ல தம்பி" என்றாள். "நீங்க பைய சொல்லுங்க."